இரண்டு 317

மார்ச் 4, செவ்வாய்

பதிவறைக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒன்பது நாளாகிறது. மேலே போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை இன்றுதான் கழற்றினேன். கூரை ஒழுகி இரண்டு பதிவேடுகள் கூழாகிப்போன பிறகுதான் மேலிடத்துக்கு ஞானம் பிறந்திருக்கிறது. சவக்கிடங்கின் பழைய பதிவேடுகள் எல்லாவற்றையும் டேட்டாபேஸில் ஏற்ற வேண்டுமாம். எந்த சாஃப்ட்வேர் என்பதை நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். "தினமும் நீங்கதானே உபயோகிக்கப் போறீங்க, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் பெரிய டாக்டர். மரியாதையில் சொன்னாரா, தலையிலிருந்து இறக்கி வைத்தாரா, தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். "செத்தவங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி என்னடி பண்ணப் போறீங்க? மெயில் அனுப்பவா?"

மார்ச் 6, வியாழன்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்பு டைப்ரைட்டர் மெக்கானிக்காக இருந்தவராம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மௌஸ், வால் வெளியே தொங்கிக்கொண்டு. மருத்துவமனை முழுக்க அவருக்கு மௌஸ்காரர் என்றே பெயர்.

மூன்று சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தார். பெயர்கள் வாயில் நுழையவில்லை. நானே பெயர் வைத்துவிட்டேன். முதலாவது கம்ப்யூட்டரோடு வந்தது. வெறும் கட்டம் கட்டமான தாள். அது கட்டம். இரண்டாவது இலவசம். அழகு கிடையாது, சிரிப்பு கிடையாது, ஒவ்வொன்றுக்கும் விதி சொல்லச் சொல்கிறது. அது கறார். மூன்றாவது ஒரு கம்பெனிக்காரர் ஒரு மாதம் சும்மா பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனது. வண்ண வண்ணப் பொத்தான், வட்டப்படம். அது பவுசு.

"ஒரே பதிவேட்டை மூணுலயும் ஏத்திப் பாருங்க மேடம். எது உங்க கைக்கு வருதோ அதை எடுத்துக்கலாம்."

அட்டை பிய்ந்து, ஓரம் செல்லரித்துப் போன ஒன்றை எடுத்தேன். இன்னும் ஒரு மழைக்கு அது தாங்காது. முதுகில் பார்த்த பிறகுதான் தெரிந்தது, படகு கவிழ்ந்த வருஷம். பதினாலு வருஷம் ஆகிவிட்டது. திரும்ப வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இல்லை, இதுதான் முதலில் அழியும்.

மார்ச் 10, திங்கள்

கட்டத்தில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு எண்பது வரி. எண், தேதி, ஆணா பெண்ணா, உத்தேச வயது, அடையாளம், உடைமை, யாரிடம் ஒப்படைத்தது. எல்லாம் என் கையெழுத்துதான்.

பெயர் இல்லாதவர்களுக்கு எத்தனை விதமாக எழுதியிருக்கிறேன்! பெயர் தெரியாதவர். பெ.தெ. அடையாளம் இல்லை. விவரமில்லை. ஓரிடத்தில் வெறும் கோடு. இன்னொரு இடத்தில் கேள்விக்குறி. ஒவ்வொரு மனநிலைக்கு ஒன்று போலிருக்கிறது.

"எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கணும் மேடம். இல்லேன்னா தேடும்போது கிடைக்க மாட்டாங்க" என்றார் மௌஸ்காரர். சாதாரணமாகத்தான் சொன்னார்.

மார்ச் 12, புதன்

ஏற்றி முடித்தாயிற்று. பதிவேட்டின் கடைசி எண் 411. கட்டத்தின் அடியில் 412 வரி என்று காட்டுகிறது. ஏதாவது ஒரு வரியை இரண்டு தடவை அடித்திருப்பேன். கண்ணாடி மாற்ற வேண்டும்.

படகு நாளின் பக்கங்களை அடிக்கும்போது வேகமாக அடித்தேன். நாற்பத்தாறு பேர். படிக்காமல் அடிக்க முடியுமா? முடிந்தது.

மார்ச் 13, வியாழன்

இன்று கறார். கட்டத்திலிருந்து அப்படியே மொத்தமாக மாற்றலாம் என்று மௌஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். முதலில் அது ஒரு கேள்வி கேட்கிறது: எந்த விவரம் சாவி?

"ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாவி வேணும். ஒரு சாவி, ஒரு பூட்டு. ரெண்டு பேருக்கு ஒரே சாவி இருக்கக்கூடாது."

"சாவு நம்பரே சாவியா இருக்கட்டும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் அறையில் இந்த மாதிரி சிரிப்புதான் கிடைக்கும்.

பொத்தானை அழுத்தினேன். முந்நூற்றுப் பதினேழாவது வரி தாண்டியதும் நின்றுவிட்டது. சிவப்பு எழுத்து. இந்த எண் ஏற்கெனவே உள்ளது: 317. ஏற்க முடியாது.

"ரெண்டு தடவை அடிச்சிருக்கீங்க போல. ஒண்ணை அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அழிக்கும் முன் இரண்டையும் பார்த்தேன். ஒன்றுபோல் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். என் தட்டச்சில் தப்பில்லை.

அறுபத்தொன்றாம் பக்கம், கடைசி வரி: 317. பெண், உத்தேசம் முப்பது. அண்ணன் முகம் பார்த்து அடையாளம் காட்டினார். ஒப்படைக்கப்பட்டது. அறுபத்திரண்டாம் பக்கம், முதல் வரி: 317. பெண், உத்தேசம் நாற்பது. வயிற்றின் வலப்பக்கம் அறுவைத் தழும்பு. இடது மணிக்கட்டில் கைக்கடிகாரம். ஒப்படைத்தது யாரிடம் என்ற இடம் காலி. அடுத்தது 318.

பக்கம் திருப்பும்போது அதே எண்ணை மறுபடி எழுதியிருக்கிறேன்.

தழும்பு. கைக்கடிகாரம்.

வேண்டாம். இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

மார்ச் 15, சனி

அக்கா சமையலறையிலிருந்து "சர்க்கரை இருக்காடி?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எழுந்து போய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதிவிடுவது நல்லது. என்னிடமே மறைத்து என்ன ஆகப்போகிறது?

பேருந்து நிலையத்துத் தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அந்தப் படகில் மனைவியோடு போனவர். அவரை இழுத்துக் கரையில் போட்டுவிட்டார்கள். அவளைக் காணவில்லை. ஐந்து நாள் வேறொரு மருத்துவமனையில் கிடந்துவிட்டு ஆறாம் நாள் என் மேசைக்கு வந்தார், கையில் கட்டோடு. அதற்குள் உடல்கள் பார்க்கும் நிலையில் இல்லை. யாருக்கும் காட்ட வேண்டாம், பட்டியலில் அடையாளம் பொருந்தினால் மட்டும் திறக்கலாம் என்று உத்தரவு. ஆகவே நான் பட்டியலைப் பார்த்தேன். ஒப்படைக்காதவர்களின் பட்டியல், நானே தயாரித்தது. எட்டுப் பேர்.

"கைல வாட்ச் இருக்கும்ங்க. வயித்துல ஆபரேஷன் தழும்பு. வலது பக்கம்."

"இல்லைங்க."

"பரவாயில்லைங்க. நாளைக்கு வந்து பாக்கறேன்."

பட்டியல் போட்டபோது ஒப்படைத்த எண்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே போயிருப்பேன். 317 அடிபட்டது. பக்கம் திருப்பியதும் இன்னொரு 317. இதைத்தான் அடித்தாயிற்றே என்று தாண்டியிருப்பேன். அவ்வளவுதான். ஒரு விரல் தாண்டியது.

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பதாம் நாள் ஆள் வராத உடல்களை நகராட்சி அடக்கம் செய்யும். ஆறாம் நாளிலிருந்து முப்பதாம் நாளுக்குள் அவர் பதினோரு தடவை வந்திருக்கிறார். பதினோரு தடவையும் என் மேசை. மேசைக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் அவள்.

பிறகு மாதம் ஒருமுறை வந்தார். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, படகு நாளன்று. போன வருஷமும் வந்தார். "புதுசா ஏதும் இல்லைங்களே?" என்றார். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்கப் பழகிவிட்டார், எனக்குச் சிரமம் வேண்டாம் என்று.

மார்ச் 17, திங்கள்

அடக்கத்துக்கு அனுப்பிய தாளின் நகல் கோப்பில் இருக்கிறது. ஒன்பது உடல் என்று எழுதி, கீழே என் கையெழுத்து. பட்டியலில் எட்டு. எட்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டவள் நான்.

மார்ச் 18, செவ்வாய்

பவுசு எதுவுமே சொல்லவில்லை. அதற்குப் பழைய எண்ணே வேண்டாம். தானே ஒன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை புது எண் போட்டுக்கொண்டு, பச்சை டிக் காட்டி, "வெற்றிகரமாக முடிந்தது" என்கிறது. இரண்டாவது 317க்கு 318 கிடைத்துவிட்டது. இனி யாருக்கும் தெரியாது. கட்டமும் அப்படித்தான், கொடுத்ததை எல்லாம் விழுங்கும். கறார் ஒன்றுதான் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி நிற்கிறது.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். பவுசின் வட்டப்படம் அவருக்குப் பிடித்துவிட்டது. "இதையே எழுதிக் குடுங்கம்மா, மீட்டிங்ல காட்டலாம்."

எழுதினேன். மூன்றாவது சாஃப்ட்வேர் பயன்படுத்த எளிது என்று அரைப் பக்கம். கையெழுத்துப் போடாமல் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சோறு போடுகிறவளே மறைத்தால் முடியும். பதினாலு வருஷம் மறைந்திருக்கிறதே.

மார்ச் 19, புதன்

எதிர் நாற்காலியைச் சுவரோரம் திருப்பிப் போட்டுவிட்டேன். யாராவது உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. பேய் பிசாசு நம்பிக்கை எனக்குக் கிடையாது. இருபத்தாறு வருஷமாக இறந்தவர்களுக்கு நடுவில்தான் மதியச் சாப்பாடு. ஒருத்தரும் எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது அவளும் வரவில்லை. வந்து உட்கார்ந்திருப்பது அவர்தான். உயிரோடு இருக்கிற மனுஷர். கையில் கட்டு. "பரவாயில்லைங்க."

மார்ச் 20, வியாழன்

இன்று ஒன்று ஞாபகம் வந்தது. பதிவேட்டில் அறுபத்தொன்றாம் பக்கம் நீல மை. அறுபத்திரண்டு கறுப்பு. நடுவில் எழுந்து போயிருக்கிறேன். எங்கே? டெலிபோன். அக்காதான் கூப்பிட்டாள். எக்ஸ்சேஞ்சில் அன்று அவளுக்கு இரட்டை ஷிஃப்ட். ஊர் முழுக்க ஒருவரை ஒருவர் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நடுவே ஒரு லைன் பிடித்து, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். நான் அழுதேன். திரும்பி வந்தபோது என் பேனாவை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வேறு பேனா எடுத்தேன். பக்கம் திருப்பினேன்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். மாலையில் அவள், "ஒரு வாரமா மூஞ்சி சரியில்ல. என்ன, ஆபீஸ்ல யாராவது பிழைச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "அப்போ என் போன்தான். ஒரு நிமிஷம் பேசினேன். அதுல ஒரு பொம்பளை தொலைஞ்சு போயிட்டாளா?" என்றாள்.

"உன்மேல என்னக்கா தப்பு?"

"தப்பு இல்லடி. ஆனா நான்தானே கூப்பிட்டேன்."

எனக்கு — வெட்கக்கேடு, எழுதிவிடுகிறேன் — கொஞ்சம் லேசாக இருந்தது. பாதி பாரத்தை அவள் தோளுக்கு மாற்றிவிட்டு வந்து தூங்கினேன்.

மார்ச் 22, சனி

கட்டைவிரல் அண்ணனைப் பார்க்கப் போனேன். சவக்கிடங்கில் உதவியாளராக இருந்தவர். நான் எண் சொல்லச் சொல்ல, கால் கட்டைவிரலில் அட்டை கட்டுவது அவர் வேலை. அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். கண்ணில் புரை. என் குரலை வைத்து அடையாளம் கண்டார்.

அக்காவின் போன், பேனா, எல்லாம் சொல்லி, "அன்னிக்கு ஒரே நம்பர் ரெண்டு பேருக்குப் போயிருக்குண்ணே. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்னம்மா? அன்னிக்கே சொன்னேனே உங்ககிட்ட."

"என்ன சொன்னீங்க?"

"முந்நூத்திப் பதினேழு ரெண்டு வருதும்மான்னு. நீங்க தலையைத் தூக்கவே இல்ல. 'எனக்கு எண்ணத் தெரியும்ணே, நீங்க போய்க் கட்டுங்க'ன்னீங்க. போய்க் கட்டினேன்."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்புறம் ஏன் நீங்க மறுபடியும் சொல்லல?"

"நாப்பத்தாறு பேரும்மா. நீங்க நாலு நாளா வீட்டுக்குப் போகல. நானும்தான். ரெண்டு பேரும் பாதிப் பொணமா நின்னுட்டிருந்தோம். யார் யாருக்குச் சொல்றது?"

டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

எனக்கு ஞாபகமே இல்லை. எத்தனை யோசித்தாலும் இல்லை. டெலிபோன் ஞாபகம் இருக்கிறது, பேனா ஞாபகம் இருக்கிறது, மையின் நிறம்கூட. என் வாய் சொன்னது மட்டும் இல்லை. எனக்கு எண்ணத் தெரியும். நானா? நானா அப்படிச் சொன்னேன்? சொல்லியிருப்பேன். அது என் பேச்சுதான். இப்பவும் அப்படித்தான் பேசறேன்.

மார்ச் 23, ஞாயிறு

"உன் போன் இல்லக்கா. என் வாய்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஆள் வராதவர்களின் உடைமைகள் கிடங்கின் பின்னறையில் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. படகு வருஷத்துப் பெட்டி மூன்றாவது அடுக்கில். காக்கி உறைகள். 302, 309, 317.

என்னோடு வந்த காவலாளியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு உறையைப் பிரித்தேன். கைக்கடிகாரம், பெண்களுடையது. பட்டை மக்கிப்போய், உலோகம் பச்சை பூத்திருந்தது. முள் எந்த மணியில் நின்றது என்று நான் பார்க்கவில்லை. திரும்ப ஒட்டிக் கையெழுத்துப் போட்டோம்.

காவலாளி கேட்டார்: "யாரும்மா இது?"

தெரியாது என்று சொல்ல முடியவில்லை.

மார்ச் 27, வியாழன்

பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"ஏம்மா, உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கா?"

"மூணேகால் சார்."

"அந்த ஆளு பதினாலு வருஷத்துல மனசைத் தேத்திக்கிட்டிருப்பார். ஆறின புண்ணைக் கீறி என்ன ஆகப் போகுது? யாருக்கு நல்லது?"

நல்ல மனிதர்தான். எனக்காகவும் சேர்த்துத்தான் கேட்டார். ஒரு வாரமாக நானும் என்னிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆறலை சார். வருஷா வருஷம் வர்றார். அவரை நான்தான் பாக்கறேன்."

அவர் என் தாளில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, தேதி போட்டார். "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. யார் மூலமாவோ காதுக்குப் போகக்கூடாது. விசாரணை வரும், அதை அப்புறம் பாத்துக்கலாம்."

மார்ச் 28, வெள்ளி

கடை ஒரு ஆள் உட்காரும் அகலம்தான். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு யாருடைய கடிகாரத்தையோ பிரித்து வைத்திருந்தார். நிமிர்ந்தார். அவர் என்னை என் மேசைக்கு வெளியே பார்த்ததே இல்லை. உடனே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். பூதக்கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரு கண் பெரிதாக என்னைப் பார்த்தது.

வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டு போனேன். ஒன்றும் உதவவில்லை.

"ஐயா, நான் உங்ககிட்ட இல்லைன்னு சொன்னது தப்பு. பதிவேட்டுல இருந்திருக்காங்க. நம்பர் தப்பா எழுதினது நான். பட்டியல்ல விட்டதும் நான்."

அவர் கீழே, பிரித்து வைத்திருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க. இதை மூடிடறேன். திறந்து கிடந்தா தூசி விழுந்துடும்." மூடினார். நான்கு திருகாணி. ஒவ்வொன்றாகப் போட்டார். ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு என்னோடு வந்தார். பேருந்தில் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்தோம்.

பதிவறையில் சுவரோரம் இருந்த நாற்காலியை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். பெரிய டாக்டர் முன்னால் உறையைப் பிரித்தோம். கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் முகப்பைப் பார்க்கவேயில்லை. திருப்பி, சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்து, பின்மூடியை நெம்பினார். உள்பக்கத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பழுது பாக்கறவங்க உள்ள கீறி வைப்போம்ங்க. தேதியும் ஒரு அடையாளமும். அடுத்த தடவை வந்தா நாமதான் பாத்தோம்னு தெரியணும்ல." மூடியை என் பக்கம் நீட்டினார். மயிரிழை மாதிரி எழுத்து. "இது என் கைங்க. படகுக்கு முந்தின வாரம் பேட்டரி மாத்தினேன்."

பெரிய டாக்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை.

பிறகு அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நான் வந்தப்போல்லாம் அவ இங்கதான் இருந்தாளா?"

"ஆமாங்க."

"எவ்வளவு தூரத்துல?"

சுவரைக் காட்டினேன். எழுந்து போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"எத்தனை நாள்?"

"நீங்க முதல்ல வந்ததுலேருந்து இருபத்துநாலு நாள்."

பரவாயில்லைங்க என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. கும்பிட்டேன். என்னைத் தாண்டி வெளியே போனார். அதைச் சொல்லாமல் போனதே பெரிய உபகாரம்.

மார்ச் 29, சனி

தூங்கினேன். அதுவே குற்றம் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

நகராட்சி இடுகாட்டு அலுவலகத்தில் அவர்களுக்குத் தனிப் பதிவேடு. அந்த மாதப் பக்கத்தில் ஒன்பது வரி. 317, பெண், நான்காம் வரிசை, ஆறாவது. அவர்கள் ஒழுங்காக எண்ணியிருக்கிறார்கள்.

கடிகாரக்காரர் தன் மருமகளோடு வந்திருந்தார். எனக்கு முகம் கொடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பத்தடி பின்னால் நடந்தேன். சிமென்ட் தூண் ஒன்று, எண் பாதி அழிந்து. புல் முழங்கால் வரை. அவர் உட்கார்ந்து கையாலேயே புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். மருமகளும் உட்கார்ந்தாள். சட்டப்படி மனுக் கொடுத்தால் தோண்டி எடுத்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் அலுவலர்.

"வேணாம்ங்க. பதினாலு வருஷம் ஒரே இடத்துல இருந்துட்டா. இனி அவளை அலைய வைக்க வேணாம். பேரை மட்டும் எழுதிக்கறேன்."

அப்போதுதான் உறைத்தது. பதினாலு வருஷத்தில் அவள் பெயரை நான் கேட்டதேயில்லை. அடையாளம்தான் கேட்டிருக்கிறேன்.

திரும்பும்போது மருமகள் என் பக்கத்தில் வந்தாள். அடிப்பாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மாமா பதினாலு வருஷமா வீட்டை உள்பக்கமா தாழ் போட்டதில்லைங்க. அத்தை எங்கேயாவது பிழைச்சுக் கிடந்து, திடீர்னு வந்து கதவைத் தட்டினா தாமதமாயிடுமாம். வெள்ளிக்கிழமை முதல் தடவையா போட்டார். அதைச் சொல்லணும்னு தோணுச்சு. ஏன்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை, அது ஆறுதலா தண்டனையா என்று.

ஏப்ரல் 10, வியாழன்

இழுப்பறையிலிருந்த அரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இரண்டாவது சாஃப்ட்வேர் வேண்டும். காரணம் என்ற இடத்தில் நிறைய எழுதி அடித்தேன். கடைசியில் ஒரே வரி: தவறான பதிவை ஏற்க மறுக்கிறது.

கறாரைத் திறந்து இரண்டாவது 317க்கு 317அ என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது. பெயர்க் கட்டத்தில் பெயரை அடித்தேன். இங்கே எழுத மாட்டேன். அது என் நாட்குறிப்பில் இருக்க வேண்டிய பெயர் இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

விசாரணை. மூன்று பேர். கட்டைவிரல் அண்ணன் எச்சரித்ததையும் சொன்னேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. "ஞாபகம் இல்லைன்னு சொல்றீங்க, ஆனா ஒத்துக்கறீங்களே?" என்றார் நடுவில் இருந்தவர். "அவர் பொய் சொல்ல மாட்டார் சார்" என்றேன். எழுத்து மூலமான கண்டனம். பதவி உயர்வு இனிக் கிடையாது. கேட்டுவிட்டு அக்கா, "உயர்ந்து எங்க போகப் போற, அதுக்கு மேல மாடிதான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மே 15, வியாழன்

பதிவேடு பதினொன்று முடிந்தது. கறார் இதுவரை ஏழு இடங்களில் மறுத்திருக்கிறது. ஐந்து வெறும் கைப்பிழை. இரண்டு அப்படியில்லை. இரண்டு வீடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மௌஸ்காரர் இப்போதெல்லாம் சிவப்பு எழுத்து வந்தால் அழிச்சிடுங்க என்று சொல்வதில்லை. எழுந்து நின்றுவிடுகிறார்.

ஜூன் 12, வியாழன்

காலையில் ஒரு பெண் வந்தாள். பேக்கரியில் வேலை, கை முழுக்க மாவு வாசனை. அண்ணன் ஒன்பது வருஷம் முன்பு வேலைக்கென்று கிளம்பிப் போனவன், திரும்பவில்லை. எல்லா இடத்திலும் கேட்டாயிற்றாம்.

"இங்க வரச் சொல்லி யார் சொன்னாங்க?"

"பேருந்து நிலையத்துத் தெருவுல வாட்ச் கடைக்காரர். 'அந்தம்மாகிட்ட போ. ஒரு தடவை தப்பா இல்லைன்னு சொன்னவங்க. இனிமே தேடிப் பாக்காம சொல்ல மாட்டாங்க'ன்னார்."

உட்காரச் சொன்னேன். அண்ணனின் பெயரைக் கேட்டேன்.